செப்டம்பர் 11: ஒரே தேதி, பல நாட்கள்

செப்டம்பர் 11 என்றால் என்ன நினைவுக்கு வருகிறது என்று உங்கள் வீட்டில் இருப்பவர்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான் கேட்டேன். பள்ளியில் படிக்கும் பேத்தி, "நைன் லெவன் தாத்தா, நியூயார்க்ல ரெண்டு பில்டிங்" என்றாள். எதிர் ஃபிளாட் வங்காளி நண்பர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "ஸ்வாமிஜி, சிகாகோ" என்றார். என் மனைவி, "பாரதியார் போன நாள் இல்லையோ?" என்று கேட்டாள். மூன்றும் சரி. எனக்கு அன்றிலிருந்து இந்தத் தேதிமேல் ஒரு பித்து. இங்கே கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கப் போகும்போதும் அதையே பேசி நண்பர்களைப் படுத்தியிருக்கிறேன். மலருக்குக் கட்டுரை கேட்டதும் இதையே எழுதுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் சங்கத்தில் ஆண்டுதோறும் பாரதி நினைவு நாள் வரும்போது கமிட்டி கூடினால் முதல் அரைமணி நேரம் ஒரே வழக்குத்தான்: 11-ஆ, 12-ஆ? இரு கட்சிக்காரர்களும் புத்தகங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் போடுவார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிகாகோ. 1893 செப்டம்பர் 11, திங்கட்கிழமை. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆம் ஆண்டைக் கொண்டாட நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி, சர்வமத மகாசபை அன்று காலை தொடங்கியது. பிற்பகல் அமர்வில் முப்பது வயதுத் துறவி ஒருவர் எழுந்து, கூடியிருந்தவர்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று விளித்தார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது என்பது எல்லாரும் கேட்ட கதை. அந்தச் சின்னப் பேச்சின் பிற்பாதியில் அவர் சொன்னதை அவ்வளவாக யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. மதவெறி இந்தப் பூமியை எத்தனை முறை ரத்தத்தில் நனைத்திருக்கிறது என்று சொல்லி, அன்று காலை அடித்த தொடக்க மணி அந்த வெறிக்குச் சாவுமணியாக இருக்கட்டும் என்று விரும்பினார். அதிலிருந்து சரியாக 108-ஆவது ஆண்டில், அதே நாட்டில், அதே தேதியில் விமானங்கள் கோபுரங்களில் மோதின. 108 என்றதும் நமக்குக் கை தானாகக் குவிந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த எண்ணுக்கு இதில் வேலை ஒன்றுமில்லை.

வேலை செய்தது ஒரு பள்ளி ஆசிரியர். சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த அளசிங்கப் பெருமாள். பெரிய பணக்காரர் இல்லை. சுவாமிகளை அமெரிக்காவுக்கு அனுப்ப வீடு வீடாகப் போய் அவரும் நண்பர்களும் நிதி திரட்டினார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கம் தந்தார். ராஜஸ்தானத்துக் கேத்ரி மன்னரும் உதவினார். மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறியவர் ஜூலைக் கடைசியிலேயே சிகாகோ சேர்ந்துவிட்டார். சபைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கையில் அறிமுகக் கடிதம் இல்லை, பணமும் கரைகிறது. சென்னைக்குத்தான் தந்தி பறந்தது. எங்கள் வங்காளி நண்பரிடம் நான் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு: "உங்க ஊர் பிள்ளை, எங்க ஊர் சந்தா!" அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

அடுத்து ஜோகன்னஸ்பர்க். 1906 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. டிரான்ஸ்வால் அரசு கொண்டுவரவிருந்த அவசரச் சட்டத்தின் நகல் ஆகஸ்டு 22 அன்று கெஜட்டில் வந்திருந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர், ஆணோ பெண்ணோ, எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். சான்றிதழைக் கூடவே வைத்திருக்க வேண்டும். போலீஸ்காரன் எங்கே கேட்டாலும் காட்ட வேண்டும். இதை எதிர்த்து எம்பயர் தியேட்டரில் ஏறக்குறைய 3,000 பேர் கூடினார்கள். அப்துல் கனி தலைமை. தீர்மானம் என்றால் வழக்கம்போலக் கைதூக்கிவிட்டு வீட்டுக்குப் போகிற சமாசாரம் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். சேட் ஹாஜி ஹபீப் எழுந்து, இதைக் கடவுள் சாட்சியாகச் சபதமாக எடுப்போம் என்றார். காந்திக்கே அது எதிர்பாராதது. அவர் எழுந்து சபதம் என்றால் என்ன என்று விளக்கினார். சிறை போக நேரும், அடிபட நேரும், சொத்து போகும். மற்றவர்கள் எல்லாரும் விலகினாலும் தனியாக நின்று காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் கை உயர்த்துங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். எல்லாரும் எழுந்து நின்று கை உயர்த்தினார்கள். மறுநாளே அந்தத் தியேட்டர் தீ விபத்தில் எரிந்துபோயிற்று. காந்தியே இதைப் பதிவு செய்திருக்கிறார். நண்பர்கள் சிலர் அதை நல்ல சகுனம் என்று வாழ்த்தினார்களாம், அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

சத்தியாக்கிரகம் பிறந்த நாள் என்று இதைச் சொல்கிறோம். ஆனால் அன்று அந்தச் சொல்லே கிடையாது. 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் பெயர் கேட்டு அறிவிப்பு வந்து, மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று எழுதி அனுப்பி, காந்தி அதைச் 'சத்தியாக்கிரகம்' என்று திருத்தியதற்குள் 1908 ஜனவரி ஆகிவிட்டது. ஆக, பிள்ளை பிறந்து ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் பேர் வைத்தார்கள். சரித்திரத்தில் முக்கால்வாசித் தேதிகள் இப்படித்தான். நடக்கும்போது அது ஒரு செவ்வாய்க்கிழமை. திரும்பிப் பார்க்கும்போதுதான் அது தேதி.

இந்தப் போராட்டத்தில் நம்மவர்களின் பங்கு பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்த தமிழர். எத்தனை முறை சிறை போனார் என்று எண்ணிச் சொல்வது கடினம். சுவாமி நாகப்பன் என்ற இளைஞர் 1909-இல் சிறையின் குளிரில் நோய்ப்பட்டு, வெளியே வந்ததும் இறந்தார். வள்ளியம்மை சிறையில் வந்த காய்ச்சலோடு விடுதலையாகி 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது பதினாறு. இவர்கள் எல்லாரும் வெளிநாட்டில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள். சொந்த ஊரை முன்பின் பார்க்காதவர்களும் அதில் உண்டு.

இனி பாரதி. 1921 ஜூலைக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசப் போனார். எடுத்துக்கொண்ட தலைப்பு, மனிதனுக்கு மரணம் இல்லை என்பது. அதற்கு முன்பே திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டிருந்தது. யானை அடித்துத்தான் இறந்தார் என்று இன்றும் பலர் மேடையிலேயே சொல்கிறார்கள். அது சரியில்லை. அந்தக் காயத்திலிருந்து தேறி, 'சுதேசமித்திரன்' வேலைக்குப் போய், ஈரோடும் போய்வந்தார். பிறகு வந்த வயிற்றுக்கடுப்புதான் உடம்பை உருக்கிவிட்டது. செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. மருந்து சாப்பிட மறுத்துவிட்டார். நள்ளிரவு கடந்து, ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. 39 வயது நிறையவில்லை. மறுநாள் காலை கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று சொல்வார்கள்.

கமிட்டி வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டிவிட்டதால் ஆங்கிலக் கணக்குப்படி அது 12. நகராட்சி இறப்புப் பதிவிலும் 12-தான். ஆனால் நம் கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. பஞ்சாங்கம் அப்படித்தான் போகிறது. வீட்டுப் பேச்சும் அப்படித்தான். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒருத்தர் இறந்தால் மறுநாள் என்ன சொல்கிறோம்? "ஞாயித்துக்கிழமை ராத்திரி போயிட்டார்" என்றுதானே? திங்கட்கிழமை அதிகாலை என்று டாக்டர் எழுதுவார். பாட்டி சொல்ல மாட்டாள். பாரதியின் வீட்டார், நண்பர்கள் நினைவில் 11 நின்றதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். நூற்றாண்டான 2021-இல் தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. அதே 11-ஆம் தேதி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாரதி பெயரில் தமிழ் இருக்கை அமையும் என்று பிரதமர் அறிவித்தார். அரசாங்கங்கள் 11 பக்கம். பதிவேடு 12 பக்கம். இரண்டும் பொய் சொல்லவில்லை. நாள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பேதம்.

இதே கேள்வியைச் சிகாகோவுக்கும் போட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். அங்கே 11-ஆம் தேதி பிற்பகல் மூன்றரை மணி என்று வைத்துக்கொண்டால், நம் இன்றைய கடிகாரப்படி இங்கே 12-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி! சுவாமிகள் பேசியபோது கல்கத்தாவும் சென்னையும் தூங்கிக்கொண்டிருந்தன. ஆங்கிலக் கணக்கில் நமக்கு அது 12. உதயக் கணக்கில் இன்னும் 11. பாரதி கதையேதான். 2001-க்கும் இது உண்டு. முதல் விமானம் மோதியது நியூயார்க்கில் காலை 8.46. நமக்கு மாலை 6.16. ஆபீஸ் முடிந்து வீடு திரும்பி டிவியைப் போட்டவர்கள் எல்லாரும் அதை அன்று மாலை நடந்ததாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். நியூசிலாந்தில் அப்போது நள்ளிரவு தாண்டி 12-ஆம் தேதி பிறந்துவிட்டது.

எழுதும் முறையிலும் ஒரு சிக்கல். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். அதனால் 9/11. நம் வழக்கப்படி படித்தால் அது நவம்பர் 9. ஜெர்மானியர்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு அந்தத் தேதி 1989-இல் பெர்லின் சுவர் திறந்த நாள். ஆனால் 1938-இல் அதே நவம்பர் 9 இரவில்தான் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் நாஜிகள் சூறையாடினார்கள். அதனாலேயே, சுவர் விழுந்த நாளைத் தேசியத் திருநாள் ஆக்க மனம் ஒப்பாமல், அக்டோபர் 3-ஐ எடுத்துக்கொண்டார்கள். ஒரே தேதி இரண்டு சுமையைத் தாங்காது என்று ஒரு நாடே முடிவு செய்தது.

இன்னொன்று. 1752-ஆம் ஆண்டு சென்னையில் செப்டம்பர் 11 என்ற தேதியே கிடையாது! விளையாட்டில்லை. இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டரை விட்டு கிரிகோரியன் காலண்டருக்கு மாறியபோது, செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். அந்தச் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும். பிரெஞ்சுக்காரர்கள் முன்பே மாறிவிட்டதால், அதுவரை சென்னைக் கோட்டைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பதினோரு நாள் வித்தியாசம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் 21. தோற்றவனுக்கு ஒரு தேதி, ஜெயித்தவனுக்கு ஒரு தேதி.

மற்ற நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1895-இல் வினோபா பாவே பிறந்தார். 1948-இல் ஜின்னா கராச்சியில் இறந்தார்; விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ஆம்புலன்ஸ் நின்றுபோய், ஒரு நாட்டின் தலைவர் நடுரோட்டில் காத்துக் கிடந்த நாள் அது. இரண்டு நாள் கழித்து இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. 1973-இல் சிலி நாட்டில் ராணுவம் ஜனாதிபதி மாளிகைமேல் குண்டு வீசியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அயெந்தே அன்று இறந்தார், பினோசே ஆட்சி வந்தது. சிலி மக்களுக்கு இன்றும் செப்டம்பர் 11 என்றால் முதலில் அதுதான். அதுவும் செவ்வாய்க்கிழமை, 2001-ம் செவ்வாய்க்கிழமை. இதில் மர்மம் ஒன்றுமில்லை: 28 ஆண்டுக்கு ஒருமுறை கிழமைகள் அப்படியே திரும்பி வரும். 1973-ஐயும் 28-ஐயும் கூட்டிப் பாருங்கள்.

இத்தனையும் ஒரே தேதியில் என்றால் அந்தத் தேதிக்கே ஏதோ இருக்கிறது என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். எண் கணிதம், கூட்டுத்தொகை இரண்டு, இத்யாதி. கணக்கு எளிது. ஆண்டுக்கு 365 நாள். சரித்திரத்தில் நினைவுகூரத்தக்க சம்பவங்கள் மூவாயிரம் என்று வைத்தால்கூட நாளுக்குச் சராசரி எட்டு வந்துவிடும். ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். நம் சங்கக் கூட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். மறுநாளான செப்டம்பர் 12-ஐ எடுங்கள்: 1897-இல் 21 சீக்கிய வீரர்கள் கடைசி மூச்சுவரை நின்ற சாராகடிப் போர், 1977-இல் தென்னாப்பிரிக்காவில் போலீஸ் காவலில் ஸ்டீவ் பிகோ மரணம். அதை வைத்தும் ஒரு கட்டுரை எழுதலாம். 11-ஐ நாம் தேடுவதால் 11-இல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாமே தற்செயல் என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடவும் முடியாது. தேதியை மனிதர்களே தேர்ந்தெடுப்பது உண்டு. 1930-இல் பூரண சுயராஜ்ய நாள் கொண்டாடியதற்காகவே, 1949 நவம்பரில் தயாராகிவிட்ட அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தது. தேதியே மனிதர்களை இழுத்துக்கொண்டு வருவதும் உண்டு. அதற்கு உதாரணமும் செப்டம்பர் 11-இலேயே இருக்கிறது. நம் மலர்களில் அதிகம் வராத பெயர் அது: இம்மானுவேல் சேகரன். ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்து, ராமநாதபுரம் மாவட்டத்தில் தீண்டாமையை எதிர்த்து நின்றவர். 1957 செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்துமூன்று வயது நிறையவில்லை. 2010-இல் அவருக்கு இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பர் 11, நினைவு நாளுக்காக மக்கள் பரமக்குடியில் கூடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து பல உயிர்கள் போயின. இங்கே 1957-க்கும் 2011-க்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் இல்லை. முதல் சாவு இல்லையென்றால் அன்று அந்தக் கூட்டம் இல்லை. தேதி அங்கே வெறும் எண்ணாக இல்லை. சிகாகோவுக்கும் பாரதிக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கும் நாம், பாஸ்கர சேதுபதியின் அதே ராமநாதபுரச் சீமையில் நடந்த இதற்கு நாலு வரி ஒதுக்கத் தயங்குகிறோம். ஏன் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

விவேகானந்தர், காந்தி, பாரதி மூவரையும் சேர்ப்பது தேதியா என்றால், இல்லை. சேர்த்தவர்கள் ஆட்கள். காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே வந்த இளைஞர் பாரதி இந்தக் கல்கத்தாப் பக்கத்தில்தான் விவேகானந்தரின் சீடர் நிவேதிதையைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்துவரவில்லை என்று அந்த அம்மையார் கேட்ட கேள்வி அவரை என்ன பாடு படுத்தியது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 1908-இல் வந்த 'ஸ்வதேச கீதங்க'ளை அவருக்கே சமர்ப்பித்தார். 1919-இல் சென்னையில் காந்தியையும் பார்த்தார். அதற்கெல்லாம் முன்பே, பதினாறு வயதில் காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படித்து, இந்தியும் சமஸ்கிருதமும் கற்று, மீசை வளர்த்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டது வெளிமாநிலத் தமிழனாக அவர் வாழ்ந்த காலம். சிகாகோவுக்குச் சந்தா திரட்டிய அளசிங்கர் நடந்த திருவல்லிக்கேணியிலேயே கடைசியில் வந்து கண்மூடினார்.

கமிட்டி வழக்கு இந்த ஆண்டும் தீரவில்லை. ஆபீஸ் போகிறவர்களுக்குச் சௌகரியமாக, வழக்கம்போலப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமையில் விழாவை வைத்துவிடுவோம் என்று செயலாளர் முடித்துவிட்டார். 1921-இல் அந்தப் 11-ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொன்னேன். 12-ஆம் கட்சிக்காரர் உடனே, "அது ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும்தான் சார்" என்றார்.